சர்க்கரையின் கண்ணுக்குக் கீழே

“…அப்ப இத்தனை வருஷமா எங் கண்ணுதான் எங்கிட்டப் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு தம்பி. படம் எதுக்குப் பொய் சொல்லப் போகுது? சரி, விடுங்க” என்றார் சீனி ராவுத்தர்.

படம்தான் பொய் சொன்னது. அதைச் சொல்ல வைத்தவன் நான்.

ராமேஸ்வரம் ரயில் நிலையத்துக்கு வெளியே, பூவரச மரத்தடியில், பட்டப்பகலில், ஒரு மனிதரின் குதிரையை அவருடையது இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தேன். குரல் பிசகவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட! உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ, எனக்கு முகம் தெரியாதவர். முகம் தெரிந்தவர்கள் நடுவில் வாயைத் திறக்கும் துணிச்சல் எனக்கு இருந்திருந்தால், உங்களைத் தொந்தரவு செய்யும் தேவையே வந்திருக்காது.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் போகும் தெருவில் எனக்கு ஒரு போட்டோக் கடை. தொழிலை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இலங்கையிலிருந்து திரும்பிய ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய கேமராவும், நான் பாழாக்கிய கண்ணாடித் தகடுகளும்தான் எனக்கு வாத்தியார்கள். சுதந்திரம் வந்து, ஜமீன்கள் போய், லாயங்களில் நின்ற குதிரைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. குதிரையை வாங்கியவன் முதல் வேலையாக அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வான். விற்றவன் அதை விட்டுப் பிரிவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்வான். இரண்டு பேருமே என்னைத்தான் தேடி வருவார்கள்.

ஏன் என்னை? நான் எதையும் கேட்டுக் கேட்டுச் செய்பவன் என்று ஒரு பெயர் இருந்தது.

குதிரைக்காரர்கள் ஒரு தனி ரகம். பெற்ற பிள்ளையை யார் தூக்கினாலும் சிரிப்பார்கள். குதிரையின் கழுத்தில் அந்நியன் கை பட்டால் முகம் சுருங்கிவிடும். அதனால் எனக்கு எல்லாவற்றுக்கும் உத்தரவு வேண்டும். பிடரியை அந்தப் பக்கம் ஒதுக்கலாமா? கடிவாளத்தைக் கழற்றலாமா? காது நிமிர்ந்து நிற்பதற்குத் தகர டப்பாவில் கொள்ளைப் போட்டுக் குலுக்கட்டுமா? ஆர்.எஸ்.மங்கலத்துப் பண்ணையார் ஒருவர் பொறுமை இழந்து, “ஏலே, எல்லாத்தையும் எங்கிட்டயே கேக்குறியே! அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேளு, கோவிச்சுக்கப் போகுது” என்றார்.

நயினார்கோவிலிலிருந்து வந்த விவசாயிக்கோ, குதிரையின் பல் தெரிகிற மாதிரி படம் வேண்டும். “வயசு தெரியணும்ல தம்பி? வாங்குறவன் அங்கன வரைக்கும் வந்து வாயத் தொறந்து பாத்துக்கிட்டு இருப்பானா?” என்றார். பல்லைக் காட்ட வைக்க அவர் அதன் முன் நின்று இளித்துக் காட்டினார். படத்தில் இரண்டு பேருமே சிரிக்கிறார்கள். இப்படி ஜனங்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். படம் ஒரு சாக்கு. பேச்சுதான் எனக்குச் சம்பளம்!

ஆனால் வெளிச்சத்தில் இத்தனை கேட்டவன், இருட்டறைக்குள் போனபின் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். கழுவிய கண்ணாடித் தகட்டில் முகம் தலைகீழ் நிறத்தில் நிற்கும். கறுப்பு வெளுப்பாகவும், வெளுப்பு கறுப்பாகவும். முகத்தில் நிழலாக விழுந்த குறை எதுவோ அது தகட்டில் வெளிறித் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அந்த இடத்தை மெல்லமெல்ல நிரப்பினால் போதும். காகிதத்தில் அச்சாகும்போது குறை போயே போய்விடும். அம்மைத் தழும்பு, பரு, கன்னத்துக் குழி எல்லாம் போகும். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் நான் இதைச் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஒரு தகப்பன் படத்தைப் பார்த்துவிட்டு, “எம் மகள நீ ரெண்டாந்தரம் பெத்துக் குடுத்துட்டய்யா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குத் தலை கொஞ்சம் கிறுகிறுத்தது உண்மை.

அந்தக் கிறுகிறுப்பு தணியாத நாட்களில்தான் சீனி ராவுத்தர் வந்தார்.

பெரியபட்டினத்துக்காரர். ஒல்லியாக, முன்பல் ஒன்று இல்லாமல், வாய் நிறையப் பேச்சோடு இருப்பார். அவரிடம் ஒரு வெள்ளைப் பெண்குதிரை. கடற்கரை ஊர்களில் எங்கே கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குதிரைதான் அவர் வீட்டு அடுப்பு. அதன் பெயர் சர்க்கரை. சீனி வீட்டில் சர்க்கரை என்று ஊரே கேலி செய்யும். “என்ன செய்ய தம்பி, எறும்பு தொல்லைதான் தாங்கல” என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

குதிரையோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். கடைக்குப் பின்னால் வேப்பமரத்து வெளிச்சத்தில் நிறுத்தினோம். குதிரையின் முகத்தில் ஜரிகைத் துணி கட்டியிருந்தது, கன்னம் மறையும்படி.

“இதை எடுக்கலாமா ராவுத்தரே?” என்று கேட்டேன்.

அவர் தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தானே முடிச்சை அவிழ்த்தார்.

“கல்யாண வீட்டுல இதை எடுக்கவே மாட்டேன் தம்பி. ஒங்களுக்காக எடுக்குறேன்.”

இடது கண்ணுக்குக் கீழே, ரோமம் ஒரு சின்னச் சுழியாகச் சுழன்றிருந்தது. அந்த இடத்தில் சுழி இருந்தால் வைத்திருக்கும் வீட்டில் அழுகை ஓயாது என்பார்கள் குதிரை வாங்குகிறவர்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“பாத்தீங்கள்ல? இந்தச் சுழிதான் எனக்கு இதைக் குடுத்துச்சு. இது மட்டும் இல்லேன்னா இந்த அழகுக்கு எந்த ராசா வீட்டுல நின்னிருக்குமோ! சந்தைல வந்தவனெல்லாம் துணிய வெலக்கிப் பாத்தான், வெலகிப் போனான். நாந்தான் கூட்டியாந்தேன். வந்த நாள்ல இருந்து எங்க வீட்டுல ஒரு நாள் அழுகச் சத்தம் இல்ல. இந்தப் பக்கமாவே எடுங்க. எனக்கு இது தெரியணும்.”

எனக்கு இது தெரியணும்… அந்த மூன்று சொற்களையும் நான் காதால் கேட்டேன். கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்ல முடியாது.

அவர் சுழியின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தேய்த்தார். குதிரை கண்ணை மூடிக்கொண்டது. அவர் கையை எடுத்ததும் கண்ணைத் திறந்தது. அந்த நொடியில் படம் எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த குதிரைப் படங்களில் அதற்கு நிகராக இன்னொன்று இல்லை.

“ஒரு பிரதியை என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா?” என்று கேட்டேன். “தாராளமா வைங்க. ஆனா கல்யாணக்காரன் எவனும் சுழியப் பாத்துட்டு என்னைய விரட்டிறக் கூடாது” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்!

அவருக்கு நல்லது செய்வதாக எண்ணித்தான் பென்சிலை எடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மிச்சப் பாதி, என் கண்ணாடிப் பெட்டியில் குறையுள்ள குதிரை நிற்பதை என்னால் சகிக்க முடியவில்லை. தெருவில் போகிறவன் நின்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான்! அவருக்கென்று சுழியோடு ஒரு படம் முதலில் அச்சிட்டுக் கொடுத்திருக்கலாமே? கொடுத்திருக்கலாம். அது என் புத்தியிலேயே உதிக்கவில்லை. பென்சில் நுனி தகட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னச் சுழி, கொஞ்சம் கொஞ்சமாக, இல்லாமல் போனது.

படத்தை வாங்கிப் பார்த்தவர், “சுழி எங்க தம்பி?” என்றார்.

“வெளிச்சம் அடித்து மறைந்துவிட்டது ராவுத்தரே.”

நம்பினார். அப்படியே நம்பினார்! “வெளிச்சத்துக்கே அதைக் காட்ட மனசு வரல போல” என்றார். படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். கண்ணாடிப் பெட்டியில் சர்க்கரை மாசு மறுவில்லாமல் நின்றது. கல்யாண வீட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு அழைப்புக் கூடியது, எனக்கு ஆள் கூடியது. பிறகென்ன, நான் நல்லவன்தானே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சில வருஷம் கழித்து, ஒரு மழைக்காலத்தில், கட்டின இடத்திலிருந்து சர்க்கரையை யாரோ அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவர் தேடாத ஊர் இல்லை. தொண்டி வரை நடந்திருக்கிறார். கடைசியில், பாம்பனுக்குச் சரக்கு கொண்டுபோன பெரியபட்டினத்து ஆள் ஒருவன் வந்து சொன்னான், ராமேஸ்வரத்தில் ஒரு ஜட்காவில் வெள்ளைக் குதிரை, கண்ணுக்குக் கீழே சுழியோடு, யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறது என்று. தோணியில் ஏற்றிக் கடல் தாண்டிக் கொண்டுபோய் விற்றிருக்கிறார்கள்.

வாங்கிய ஜட்காக்காரன் பெயர் முனியசாமி. அவனும் கெட்டவன் இல்லை. விற்க வந்த வியாபாரி கேட்டதைக் கொடுத்து நேர்மையாக வாங்கியவன்தான். சந்தைக்காரர்கள் பயந்த சுழி, யாத்திரைக்காரர்களை ஏற்றும் ஜட்காவுக்கு ஒரு பொருட்டில்லை. போலீசுக்குப் போனால் விசாரணை முடிவதற்குள் குதிரை ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்து செத்துப்போகும் என்று, ஜட்காக்காரர்களில் மூத்தவர்கள் நான்கு பேர் உட்கார்ந்து பேசி முடிக்கலாம் என்றார்கள்.

தேடிப் போன சீனி ராவுத்தரைக் கண்டதும் சர்க்கரை ஓடிவந்து தோளில் முகத்தை வைத்ததாம். “அது எல்லார்கிட்டயும்தான் வருது. எங்கிட்ட வந்த அன்னைக்கே எந் தோள்லயும் வச்சுச்சே” என்றான் முனியசாமி. அதுவும் சரிதான். கூட்டத்துக்கும் கொட்டுக்கும் மிரளாமல், எந்த மாப்பிள்ளை ஏறினாலும் சும்மா நிற்கப் பழக்கிய குதிரைக்கு அந்நியர் என்று யார் இருக்கிறார்கள்?

சுழியை அடையாளம் சொன்னார். “இங்கன நிக்கிற எவனும் பாத்துச் சொல்லலாமே” என்றார்கள். அவருடைய மச்சான் சாட்சி சொன்னார். “மச்சான் பின்ன ஒமக்கு எதிராவா சொல்லுவாரு?” என்றார்கள். ஊரில் வேறு யாரும் துணியில்லாமல் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்த இரண்டொருவருக்கும், சுழிக் குதிரையிலா எங்கள் பிள்ளையை ஏற்றினாய் என்று கல்யாண வீட்டார் சண்டைக்கு வருவார்களே என்ற பயம்.

அப்போதுதான் ஒருவன், ராமநாதபுரத்துக் கடையில் அந்தக் குதிரையின் படத்தைப் பார்த்திருக்கிறேன், அதில் சுழியே இல்லையே என்றான்.

சீனி ராவுத்தருக்கு அது தோல்வியாகப் படவே இல்லை! “அது வெளிச்சத்துல மறைஞ்சது. படம் எடுத்த தம்பியவே கூப்பிடுங்க. கைக்கெட்டுற தூரத்துல நின்னு பாத்தவரு. அவர் சொல்றதுதான் முடிவு” என்றார். தன் குதிரையை என் நாக்கில் கட்டினார்.

படத்தோடு வரச் சொல்லி ஆள் வந்தது. ரயில் ஏறினேன். மடியில் சர்க்கரையின் படம். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோதுகூட, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்… நம்பாவிட்டாலும் நான் குறை சொல்ல முடியாது.

பூவரச மரத்தடியில் அந்த நான்கு பேரோடு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். இலங்கைக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக்கொடுக்கும் ஏஜெண்டு. வாரம் தவறாமல் எனக்கு ஆள் அனுப்புகிறவர். கல்யாணப் படமும் குதிரைப் படமும் குறைந்துபோன அந்த நாட்களில் பாஸ்போர்ட் படம்தான் என் குடும்பத்துக்குச் சோறு. ஊர்ப் பெரியவர் என்று அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

அவர் படத்தை வாங்கிக் குதிரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“படத்துல நீங்க கை வைக்கிறதுண்டா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. முகம் ஒண்ணு, படம் ஒண்ணுன்னு இருந்தா மண்டபம் கேம்ப் சோதனையிலயே எங்க ஆளுகளத் திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் நான் ஒங்ககிட்ட அனுப்ப முடியாது.”

அவர் கேட்டது குதிரையைப் பற்றி. எனக்குக் கேட்டது என் கடையைப் பற்றி.

“இல்லை” என்றேன். “என் படத்தில் இருப்பதுதான் இருக்கும்.”

“சரி, அன்னைக்கு நேர்ல பாத்தீங்கள்ல… சுழி இருந்துச்சா?”

சீனி ராவுத்தர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். கேள்வி முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்கிற சிரிப்பு. சர்க்கரையின் கயிறு இருக்கும் பக்கம் பாதி திரும்பியும்விட்டார்.

“பார்த்த ஞாபகம் இல்லை” என்றேன்.

முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் தேவைப்பட்டது. கை வைக்கவில்லை என்று சொன்னபின், சுழி இருந்தது என்று எப்படிச் சொல்வது? இதைத் தவிர அதில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கெட்ட எண்ணம் இருந்திருந்தாலும் நான் வேறு என்ன செய்திருக்கப் போகிறேன், சொல்லுங்கள்!

ஊரார் யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். நான் பார்த்தேன் என்று தெரியும். தன் கையால் துணியை அவிழ்த்து, விரலை வைத்து, எனக்குக் காட்டியவர் அவர்.

அவர் வாதாடவில்லை. சத்தம் போடவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, தன் கண்தான் பொய் சொல்லியிருக்கிறது என்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல், தன்னைத்தானே பொய்யனாக ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரிடம் குதிரை இல்லை. விறகுக் கடையில் கூலிக்கு நின்றார் என்று கேள்விப்பட்டேன். ஒரு முறை பெரியபட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். இறங்கினேன். டீ குடித்தேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். அவர் வீடு எங்கே என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டு திரிந்த வாய் இது!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களிடம், யார் அனுப்பினார்கள் என்று விசாரிப்பது என் வழக்கம். “சீனி ராவுத்தர்தான் ஒங்ககிட்டப் போகச் சொன்னாரு” என்பார்கள். வருஷக்கணக்காக அனுப்பினார். எதற்காக அனுப்பினார்? மன்னித்தா? தண்டித்தா? அல்லது, அவர் மனசில் எனக்கு அவ்வளவு இடமே இல்லாமல் போய்விட்டதா? போன வருஷம் அவர் மறைந்துவிட்டார். இனி யாரிடம் கேட்பது…

அந்த மக்களை உட்கார வைத்து எடுக்கும்போது, தழும்பு இருந்தால் தழும்போடு எடுக்கிறேன். பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டேன். அதனால் சர்க்கரை வீடு திரும்பிவிடவில்லை.

அன்றைக்கு அவர் அடுத்துச் செய்ததை மட்டும் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். முடியவில்லை.

“சரி, விடுங்க” என்று சொன்னவர், ஏஜெண்டின் கையிலிருந்த படத்தை வாங்கிக்கொண்டார். சர்க்கரையிடம் போனார். அதன் பக்கத்தில் முனியசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடம் தணிந்த குரலில், “ஒரு தடவ தொட்டுக்கிறவாய்யா?” என்று கேட்டார்.

முனியசாமிக்கே என்னவோ போலாகிவிட்டது. “தொடுங்க பாய், இதுக்குப் போயி…” என்று கயிற்றைத் தளர்த்தினான்.

அவர் விரித்த உள்ளங்கையை அந்தக் கண்ணுக்குக் கீழே வைத்தார். சுழி முழுவதும் மறைந்தது, படத்தில் இருந்தது போலவே. கையை எடுக்காமல், மற்றொரு கையில் இருந்த படத்தை அதன் முகத்துக்கு அருகே தூக்கிப் பிடித்தார். படத்தைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு, கை அங்கேயே இருக்க, மெதுவாக என் பக்கம் திரும்பினார்.